கடற்கரை மணலிலிருந்து கடைவாய்ப்பல் வரை

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தால் அது கனக்கும். கறுப்பும் சிவப்பும் கலந்த மணல் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலையால் மீண்டும் கரை ஒதுங்கிய கனிமங்கள்தான் அந்த நிறத்துக்குக் காரணம். எடை குறைந்த வெண்மணலை அலை திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடும். கனமானவை கரையிலேயே தங்கிவிடும். இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட், அவற்றோடு ஜிர்கான். 1950-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அரிய மண் நிறுவனம் இந்த மணலை அள்ளி, காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் கனிமம் கனிமமாகப் பிரிக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல், மின்சாரத்தையும் கடத்தாமல் கடைசியில் ஒதுங்கி நிற்பவற்றுள் ஒன்று ஜிர்கான். பெங்களூருவில் யாரோ ஒருவரின் கடைவாயில் நாளை பொருத்தப்படப் போகும் வெள்ளைப் பல்லுறை, அதாவது கேப், இப்படிப்பட்ட மணலில்தான் பிறக்கிறது.

ஜிர்கான் அசாத்தியமான பிடிவாதம் உள்ள கனிமம். பாறை உருகும், மலை தேயும், கண்டம் நகரும். ஜிர்கான் துகள் பெரும்பாலும் மிஞ்சும். பூமியில் இதுவரை கிடைத்துள்ளவற்றில் மிகப் பழைய கனிமத் துகள் ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் எடுத்த ஜிர்கான்தான். அதன் வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள். நமக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையின் மாத்தறையில், நிறமற்ற ஜிர்கானை மாத்தறை வைரம் என்று விற்றார்கள். இலங்கையிலிருந்து போன அத்தகைய ஒரு கல்லைத்தான் 1789-ல் பெர்லினில் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத் பகுத்து ஆராய்ந்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமத்தின் ஆக்சைடு அதற்குள் இருப்பதைக் கண்டார். அந்தத் தனிமம் ஜிர்கோனியம்; அதன் ஆக்சைடின் இன்றைய பெயர் ஜிர்கோனியா. அன்று அது வெறும் வெள்ளைத் தூள். அதைக் கொண்டு பல் செய்யலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க முடியாது.

மணவாளக்குறிச்சி ஜிர்கான் நேராகப் பெங்களூரு பல் மருத்துவமனைக்குப் போகிறது என்று நான் சொல்ல வரவில்லை. உலகச் சந்தைக்கு ஜிர்கானைப் பெருமளவில் தருபவை ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும். நம் ஊரில் ஜிர்கோனியத்துக்கு இன்னொரு முக்கியமான வேலை காத்திருக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, ஒரு காலத்தில் முத்துக்கும் குதிரைக்கும் பெயர் பெற்ற துறைமுகமாக இருந்த பழையகாயலில், 2009 முதல் ஜிர்கோனியம் ஆலை இயங்குகிறது. அங்கே உருவாகும் உலோகம் அணு உலைகளின் எரிபொருள் குழாய்களுக்குப் போகிறது. பல்லுக்கான ஜிர்கோனியாத் தூளையும் வட்டுகளையும் நாம் பெரும்பாலும் ஜப்பான், சீனா, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து வாங்குகிறோம். கரையோர மீனவ மக்கள் கனிம மணல் அகழ்வைப் பற்றிய தங்கள் அச்சத்தைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பல்லில் பளிச்சென்று தெரியும் ஒரு பொருளுக்கு, எங்கோ ஒரு கரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

வேறெதுவும் கலக்காத ஜிர்கோனியாத் தூளை உலையில் வைத்துக் கெட்டியாக்கினால் அது ஆறும்போதே விரிசல் விட்டுச் சிதறிவிடும். உயர்ந்த வெப்பத்தில் அதன் படிக அமைப்பு ஒரு விதம்; ஆறிய பின் வேறு விதம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கன அளவு சுமார் 4 முதல் 5 சதவீதம் வரை பெருகும். கெட்டியான பொருளால் அதைத் தாங்க முடியாது. இட்ரியா என்ற மற்றோர் ஆக்சைடைச் சிறிதளவு சேர்த்தால், சூட்டில் இருந்த அமைப்பே ஆறிய பிறகும் நிலைத்திருக்கும். 1975-ல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூன்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தக் குறையே எப்படி வலிமையாகிறது என்று காட்டினார்கள். இப்படி நிலைநிறுத்திய ஜிர்கோனியாவில் ஒரு நுண்விரிசல் தொடங்கினால், விரிசலின் நுனியில் உள்ள படிகங்கள் அழுத்தத்தில் உருமாறிப் பெருக்கின்றன. பெருத்தவை விரிசலை இரண்டு பக்கமும் நெருக்கி மேலே போகவிடாமல் பிடித்துவிடுகின்றன. ஒருகாலத்தில் பொருளைச் சிதறடித்த அதே பெருக்கம் இப்போது அதைக் காக்கிறது. பீங்கான் என்றாலே உடையும் என்று பழகிய மனிதருக்கு இது பெரிய செய்தி. எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

விமானத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பொருள் முன்பே பழக்கம். ஜெட் எஞ்சினின் டர்பைன் தகடுகள் சூட்டில் உருகாமல் இருக்க அவற்றின் மேல் பூசுவது இட்ரியா சேர்த்த ஜிர்கோனியாவைத்தான். எஞ்சின் ஆராய்ச்சிக்கென்றே நிறுவனங்கள் உள்ள பெங்களூருவில், ஒரே பொருள் பழைய விமான நிலையச் சாலைப் பக்கத்து ஆய்வுக்கூடத்திலும் ஜெயநகர் பல் மருத்துவமனையிலும் புழங்குகிறது.

ஜிர்கோனியா வருவதற்கு முன்பும் பல்லுக்குக் கேப் இருந்தது. தங்கத்தில் இருந்தது; நம் தாத்தா பாட்டி காலத்தில் அது செல்வத்தின் அடையாளமும்கூட. 1889-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் பீங்கானில் பல்லுறை செய்து காப்புரிமை பெற்றார். 1927-ல் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன். லேண்டின் பீங்கான் அழகாக இருந்தது, எளிதில் உடைந்தது. 1907-ல் வில்லியம் டாகர்ட், மெழுகில் வடிவம் செய்து, அதைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் தங்கத்தை ஊற்றும் முறையைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். சுவாமிமலை ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாக நடராசரை வார்க்கும் அதே வழி. இன்றும் பெங்களூருவின் பல லேப்களில் உலோகக் கேப் இப்படித்தான் வார்க்கப்படுகிறது. 1960-களில் உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறை நிலைபெற்றது. நம்மில் ஏராளமானோர் வாயில் இருப்பது இதுதான். பல ஆண்டுகள் உழைக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஈறு சற்று இறங்கினால் ஓரத்தில் ஒரு கருங்கோடு தெரியும். நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு ஒவ்வாது. உலோகமே இல்லாத ஜிர்கோனியா 2000-க்குப் பிறகு இந்த இடத்தில்தான் நுழைந்தது.

இனி, கேப் போய்ச் சேரவேண்டிய பல்லைப் பார்ப்போம். கீழ்த்தாடை வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். மருத்துவர் சீட்டில் அதற்கு எண் 46. ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடும். அதையும் பால்பல் என்று நினைத்து, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடும் பெற்றோர் அதிகம். நிரந்தரப் பற்களில் முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் இதுதான். கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷேயில் வறுத்த கடலையை மெல்லும் வேலையின் பெரும்பங்கும் இதன் தலையில்தான். கடைவாயில் மனிதர் அழுத்திக் கடிக்கும் விசை ஐம்பது, அறுபது கிலோ எடைக்குச் சமம்.

சொத்தை நரம்பைத் தொட்டால் இரவு தூக்கம் போகும். அடுத்து ரூட் கெனால். வலி நின்றதும் பலர் மருத்துவரை மறந்துவிடுகிறார்கள். கேப் போடாமலே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ரூட் கெனால் செய்த பல் உயிரற்றுக் காய்ந்து உடைகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு காரணத்தைக் காட்டியது. வேர்க்கால்வாய்க்கு வழி திறப்பதால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. இரண்டு பக்க விளிம்புச் சுவர்களும் சேர்ந்து போகும்படி குழி தோண்டிய பற்களில் அது 63 சதவீதம் குறைந்தது. பல்லைப் பலவீனமாக்குவது சொத்தை தின்ற சுவர்களின் இழப்பு. மிஞ்சிய மேடுகள் ஒவ்வொரு கடிக்கும் வெளிப்புறமாக விரிகின்றன. ஒருநாள் முறுக்கோ சக்குலியோ கடிக்கும்போது ஒன்று பிளக்கிறது. பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேப்பின் முதல் வேலை இந்தச் சுவர்களைச் சுற்றிலும் அணைத்து விரியாமல் காப்பது. அழகு அதற்கு அடுத்துத்தான்.

அணைப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஈறுக்கு மேலே, சுற்றிலும் குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் இருந்தால்தான் கேப் அதைப் பிடித்து நிற்கும். இந்தச் சிறு வளையத்தை வைத்தே நல்ல மருத்துவர் முடிவெடுக்கிறார். ஜிர்கோனியா எவ்வளவு வலுவானது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதை வாங்கிக்கொள்ளும் பல்லைப் பற்றி அவை பேசுவதில்லை. ஒரு கேப் நீடிப்பதும் கழன்று விழுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பொறுத்ததே. நிரப்பிய சிமென்டின் மேல் மட்டும் உட்கார்ந்த கேப், எவ்வளவு விலை கொடுத்ததானாலும், ஒருநாள் உள்ளிருக்கும் அடைப்போடு சேர்ந்தே கையில் வரும்.

மரத்துப்போக ஊசி போட்ட பின், வைரத்தூள் பதித்த பர் முனையால் மருத்துவர் பல்லைச் சுற்றிலும் சீவுகிறார். மேலே ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர், பக்கங்களில் அதைவிடக் குறைவு. சீவல் முடியும் விளிம்பு ஒரே கோடாக, உடையாமல் ஓட வேண்டும். பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் 1958-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி முதல் நகரின் தனியார் கல்லூரிகள் வரை, மாணவர்கள் செயற்கைப் பற்களில் இந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பழகிய பிறகே நோயாளியின் வாயைத் தொடுகிறார்கள். பிறகு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகி ஈறைச் சற்று விலக்கி அச்செடுக்கிறார்கள். இப்போது பல இடங்களில் கையில் பிடிக்கும் கேமராவே பல்லைப் படம் பிடித்துக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் நிறுத்திவிடுகிறது. எதிர்த்தாடைக்கும் அச்சு, கடிக்கும் நிலைக்கும் ஓர் அச்சு. நிற அட்டையைப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏ2, ஏ3 என்று குறிக்கிறார்கள். குழல்விளக்கில் பார்ப்பதைவிட ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. பக்கத்துப் பல்லோடு சேராத பால்வெள்ளையைக் கேட்டு வாங்கிப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

பல்லின் மேல் தற்காலிகக் கேப் ஏறுகிறது. அச்சு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏறுகிறது. மாலையில் லேபிலிருந்து வரும் பையன் இருசக்கர வண்டியில் பல கிளினிக்குகளின் பெட்டிகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, சில்க் போர்டு நெரிசலில் நின்று நின்று போகிறான். சில பெட்டிகள் ஊருக்குள்ளேயே இருக்கும் லேபுக்கு. சில இரவுப் பேருந்திலோ கூரியரிலோ மாநிலம் தாண்டி, கேரளத்தின் மூவாற்றுப்புழை போன்ற ஊர்களில் உள்ள பெரிய லேப்களுக்கு.

லேபில் உட்கார்ந்திருப்பவரை நோயாளி ஒருபோதும் பார்ப்பதில்லை. 1948-ன் பல் மருத்துவர் சட்டம் டென்டல் மெக்கானிக் என்று இவரைத் தனியாகவே குறிப்பிட்டுப் பதிவுக்கு வழிசெய்தது. ஆனாலும் நம் வாயில் இருக்கும் பல்லைச் செய்தவர் யாரென்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை. அச்சில் டென்டல் ஸ்டோனை ஊற்றி மாதிரி எடுத்து, எந்தப் பள்ளம் எங்கே ஓட வேண்டும், எதிர்ப்பல்லின் மேடு எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது அவர். உலோகத்தைத் தேய்க்கும் தூசியிலும், வார்ப்பு அச்சின் சிலிக்காத் தூசியிலும் நாள் முழுதும் வேலை செய்பவர்களுக்கு நுரையீரல் நோய் வருவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தூசி உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் இல்லாத லேபில் செய்த மலிவான கேப்பின் மிச்சத் தொகையை அவருடைய மூச்சு கட்டுகிறது.

ஜிர்கோனியா கேப்பில் அவருடைய கைவேலையின் பெரும்பகுதி திரைக்கு மாறிவிட்டது. கணினியில் வடிவம் முடிந்ததும், சுமார் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை வட்டு இயந்திரத்தில் ஏறுகிறது. இந்த நிலையில் ஜிர்கோனியா சாக்பீஸ் போல மிருதுவாக இருக்கும். விரலால் அழுத்தினால்கூட ஓரம் உதிரும். இயந்திர முனை பல கோணங்களில் திரும்பித் திரும்பிக் கேப்பைக் குடைந்து எடுக்கிறது. எடுத்த கேப் வேண்டிய அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரியது. பிறகு, சுமார் 1,500 டிகிரி சூட்டில் பல மணி நேரம் உலைக்குள். துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, இடைவெளிகள் மூடி, கேப் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து நிற்கிறது. ஒவ்வொரு வட்டும் எவ்வளவு சுருங்கும் என்று தயாரிப்பாளர் தரும் எண்ணைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உழைப்பு முழுக்க வீண். உலையில் அவசரம் காட்டக் கூடாது என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. இடுப்பு மூட்டுக்குப் பந்து செய்யவும் ஜிர்கோனியா பயன்பட்டது. 2001-ல் சில தொகுதிப் பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடையத் தொடங்கின. சுடும் உலையின் வகையை மாற்றியதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தூள் அதே தூள்தான்.

சுட்ட கேப்புக்கு நிறம் தீட்டி, மெருகேற்றி, பெட்டியில் வைத்து, உத்தரவாத அட்டையோடு திருப்பி அனுப்புகிறார்கள். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று அதில் அச்சடித்திருக்கும். அது கேப்புக்கான உத்தரவாதம். உள்ளே இருக்கும் பல்லுக்கு யாரும் அட்டை தருவதில்லை.

பொருத்தும் நாளில் மருத்துவர் முதலில் பார்ப்பது ஓரத்தை. கூர்முனைக் கருவியை விளிம்பின் மேல் ஓட்டினால் எங்கும் தடுக்கக் கூடாது. பக்கத்துப் பற்களுக்கிடையே பல்நூல் இறுக்கமாக நுழைந்து வர வேண்டும். பிறகு, கடி சரியாக விழுகிறதா என்று பார்க்க நீலத்தாள். "கச்சி நோடி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்துத் தமிழர் என்று தெரிந்ததும் "கடிச்சுப் பாருங்கம்மா, உயரமா இருக்கா?" என்று கேட்பது பெங்களூரு மருத்துவர்களின் இயல்பு. மயிரிழை உயரம் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். பழகிப் போகும் என்று கூச்சத்தில் தலையாட்டிவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் தாடை வலிக்கும். உயரத்தைத் தேய்த்த இடத்தை மறுபடி மெருகேற்றவும் வேண்டும். வழவழப்பான ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் தேய்ப்பதில்லை. சொரசொரப்பான ஜிர்கோனியா அதன் எனாமலை அரைத்துவிடும். எல்லாம் சரியென்றால் சிமென்ட் தடவி அழுத்தி வைத்து, ஈறோரத்தில் பிதுங்கியதைச் சுத்தமாக எடுக்கிறார்கள்.

இனி அந்தக் கேப் பல்லாகவே வாழும். அதற்குச் சொத்தை வராது. அதன் ஓரம் முடியும் இடத்தில் தொடங்கும் சொந்தப் பல்லுக்குச் சொத்தை வரும், ரூட் கெனால் செய்த பல் என்பதால் வலிக்காமலே வரும். தினமும் ஈறோரத்தில் பிரஷ், இடையில் பல்நூல், ஆண்டுக்கொரு முறை மருத்துவர். கேப் போட்ட பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தை மட்டும் நன்றாகத் துலக்குபவர்கள் உண்டு. கேப் போட்ட பக்கத்துக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

இவ்வளவு பயணம் செய்துவரும் இந்தப் பொருள் தேவையில்லாத வாயிலும் ஏறுகிறது. எனக்கு உண்மையான வருத்தம் தருவது இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு வேலை தேடி வரும் இளைஞர்கள் பலரின் முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கும். அவர்கள் சிறுவயதில் குடித்த நிலத்தடி நீரின் ஃபுளோரைடு செய்த வேலை. அந்தப் பகுதிக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற நோக்கமும் சேர்ந்திருந்தது. 2013-ல் அது தொடங்கியது. அதற்கு முன் வளர்ந்த பற்களில் கறை அப்படியே இருக்கிறது. நேர்முகத் தேர்வில் வாயைத் திறக்கக் கூசும் இருபத்திரண்டு வயதுப் பையனிடம், முன்பற்கள் முழுவதுக்கும் கேப் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்வது எளிது. முன்பல்லுக்கு முழுக் கேப் போட வேண்டுமானால் வெளியே தெரியும் பல்லின் பாகத்தில் 63 முதல் 72 சதவீதம் வரை சீவிப் போகும் என்று 2002-ல் எடெல்ஹாஃப், சோரன்சன் இருவரும் அளந்து காட்டியிருக்கிறார்கள். சீவியது முளைக்காது. சிலருக்கு உள்ளிருக்கும் நரம்பும் பிறகு செத்து, ரூட் கெனாலில் போய் முடியும். மேற்பரப்பை மட்டும் மெல்லத் தேய்த்துக் கறை எடுப்பது, வெளுக்கவைப்பது, மெல்லிய வெனீர் ஒட்டுவது என்று பல்லை வைத்துக்கொண்டே செய்யக்கூடிய வழிகளை முதலில் பார்க்க வேண்டும். பையன் கூசுவது நியாயம். அதற்காக நல்ல பல்லைக் கொடுத்துவிடச் சொல்வது நியாயமில்லை. "டாக்டர், எவ்வளவு பல்லைச் சீவுவீங்க?" என்ற ஒரு கேள்வியை அவன் கேட்டால் போதும், பேச்சு வேறு திசைக்குப் போகும்.

கடைவாயில் ஏறிய நம் 46-ம் எண் கேப் பத்தாண்டும் இருக்கும், இருபதாண்டும் இருக்கும். உள்ளே சொத்தை புகுந்தாலோ வேரில் சீழ் வைத்தாலோ ஒருநாள் அதை எடுத்தாக வேண்டும். உலோகக் கேப்பை ஒரு பக்கம் கீறி நெம்பி எடுத்துவிடலாம். ஜிர்கோனியாவை வைர முனையால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே பொறுமையாக அறுக்க வேண்டும். ஒன்றிரண்டு முனைகள் மழுங்கிப் போகும். தங்கக் கேப் என்றால் தட்டானிடம் கொடுத்துப் பணமாக்கலாம், உருக்கி இன்னொன்றும் செய்யலாம். அறுபட்ட ஜிர்கோனியாவை வாங்குவார் இல்லை; இரண்டு துண்டும் குப்பைக் கூடைக்குப் போகும். மருத்துவர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விளக்கைக் கிட்டே இழுத்து, சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஈறுக்கு மேலே சுற்றிலும் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் நிற்கிறதா என்று அளக்கிறார். நின்றால் மறுபடி அச்சு, மறுபடி லேப், புதிய கேப். நிற்காவிட்டால் பிடுங்குவதைப் பற்றியும் அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைப்பதைப் பற்றியும் பேச்சு தொடங்கும்.